நெஞ்சில் வைத்த கை

எங்கள் பக்கத்தில் ஹார்வி என்றால் மில்தான். 1880களில் ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணீரை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் தொடங்கிய நூற்பாலை அது. மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறிப் பல காலம் ஆன பிறகும், கல்லிடைக்குறிச்சியில் பெண் பார்க்க வருகிறவர்கள் 'மாப்பிள்ளைக்கு ஹார்வி மில்லுல வேலை' என்றுதான் சொல்வார்கள். அதனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் நான் டாக்டருக்குப் படிக்கப் போன புதிதில், வகுப்பில் வில்லியம் ஹார்வி என்று வாத்தியார் ஆரம்பித்ததும் எனக்குள் மில் சங்கு ஊதியது.

இந்த ஹார்வி லண்டன்காரர். ரத்தம் உடம்புக்குள் சுற்றி வருகிறது என்று 1628இல் நிரூபித்தவர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தச் சின்னப் புத்தகத்தில் அவர் தீர்க்கப் பார்த்த வேறொரு வழக்கு உண்டு. நெஞ்சு அடிக்கிறது என்பது ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். எப்போது அடிக்கிறது என்பதில்தான் தகராறு. இதயம் விரிந்து பெருக்கும்போது விலாவில் மோதுகிறது என்று பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். ஹார்வி நாயையும் பாம்பையும் தவளையையும் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு, விரியும்போது இல்லை, சுருங்கும்போதுதான் என்றார். சுருங்கி, இறுகி, நிமிர்ந்து போய் நெஞ்சுச் சுவரை முட்டுகிறது.

பிற்பாடு அவருக்கு மனித இதயத்தையே தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மாண்ட்கோமரி பிரபு வீட்டுப் பையன் ஒருவனுக்குச் சிறு வயதில் பட்ட காயம் ஆறி, இடது மார்பில் ஒரு பொந்து நிலைத்துப் போயிருந்தது. ஆள் நல்ல திடகாத்திரமாக நடமாடிக்கொண்டிருந்தான். ஹார்வி அந்தப் பொந்துக்குள் விரல் விட்டு இதயத்தைத் தொட்டார். அது எப்போது முன்னே வருகிறது, எப்போது பின்வாங்குகிறது என்று கவனித்தார். மன்னர் முதலாம் சார்லஸிடம் அழைத்துப் போக, மன்னரும் விரல் விட்டுப் பார்த்தார். 1651இல் வந்த புத்தகத்தில் ஹார்வியே இதை எழுதி வைத்திருக்கிறார். தொட்டது அந்தப் பையனுக்குத் தெரியவே இல்லை என்பதுதான் இரண்டு பேருக்கும் பெரிய ஆச்சரியம்.

1892இல் எங்கள் ஊரான கல்லிடைக்குறிச்சியில் பிறந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி கல்வெட்டுகளைப் படித்துச் சோழர் வரலாறு எழுதினார். அவர் பெயரின் முதல் எழுத்தும் ஊர்ப் பெயர்தான். கல்வெட்டாவது ஓடாமல் நிற்கும். நெஞ்சதிர்வு ஒரு நொடிக்குள் வந்து போய்விடும். அதைப் பிடித்து வைப்பது ஒரு வேலை. பிடித்ததற்குப் பொருள் சொல்வது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்தவர்களுக்குப் பேர் கிடைத்தது. இரண்டாவது வேலை இன்னும் முடியவில்லை என்பது ஓய்வு பெற்ற ஒரு ஊர் டாக்டரின் அபிப்பிராயம்.

ஹார்வியின் வழக்கு முழுசாகத் தீர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலும் பாரிஸில் டாக்டர்கள் அதே கேள்விக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்த்து வைத்தவர்கள் ஷோவோ, மாரே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். 1860களின் தொடக்கத்தில், உயிருள்ள குதிரையின் கழுத்துச் சிரை வழியாக இதய அறைகளுக்குள் காற்றுக் குழாய்களைச் செலுத்தினார்கள். விலாவின் மேல் துடிப்பு படும் இடத்தில் இன்னொரு காற்றுப் பையை வைத்தார்கள். எல்லாக் குழாய்களும் போய்ச் சேர்ந்தது சிறு சவ்வுப் பெட்டிகளுக்கு. சவ்வு உப்பினால் அதன் மேல் உள்ள துரும்பு எழும்பும். சுழலும் காகிதத்தில் கோடு விழும். மேல் அறை, கீழ் அறை, நெஞ்சுச் சுவர் மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதின. கீழ் அறை சுருங்கும் அதே கணத்தில்தான் நெஞ்சு மோதப்படுகிறது. ஹார்வி சொன்னது சரி.

நெஞ்சதிர்வு முதன்முதலாக எழுத்தானது அப்போதுதான் என்று சொல்லலாம். அந்தக் காகிதத்தின் பேரப்பிள்ளையை என் கையால் செய்திருக்கிறேன். எங்கள் பிசியாலஜி லேபில் கைமோகிராஃப் என்று ஒரு உருளை உண்டு. வழவழப்பான வெள்ளைத் தாளை உருளையில் சுருக்கம் இல்லாமல் சுற்றிப் பசை போட்டு ஒட்ட வேண்டும். பிறகு மண்ணெண்ணெய்ப் புகை கக்கும் பர்னர் மேல் உருளையைச் சுழற்றினால் தாள் முழுக்கக் கரி படியும். நிதானமாகச் சுற்றினால் பட்டுக் கறுப்பு. ஒரு இடத்தில் நின்றுவிட்டால் தாளே எரியும். லேப் அட்டெண்டர் ஒருவர் இதில் மன்னன். நாங்கள் புகை பிடித்த தாளைப் பார்த்துவிட்டு, "ஏல, இது என்ன பனியன் துணியா? ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கறுப்பு" என்பார்.

தவளையின் மூளையைக் குத்தி உணர்வை அழித்துவிட்டு, மார்பைத் திறந்து, துடிக்கிற இதயத்தின் நுனியில் ஒரு வளைந்த ஊசியை மாட்டி, அதிலிருந்து நூலை ஒரு நெம்புகோலுக்குக் கட்டுவோம். நெம்புகோலின் முனை கரித் தாளைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அழுத்தினால் இழுபடும், விலகினால் எழுதாது. உருளை சுழலத் தொடங்கினால் கறுப்பில் வெள்ளைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டே போகும். குளிர்ந்த ரிங்கர் திரவத்தைச் சொட்டினால் கோடு சோம்பும். வெதுவெதுப்பாக விட்டால் விரைவுபடும். முடிந்ததும் தாளைக் கிழியாமல் வெட்டி எடுத்து அரக்கு வார்னிஷில் முக்கி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். அன்றைக்கு மெஸ்ஸில் யார் விரல் கறுப்பாக இருக்கிறதோ அவர்களுக்கு பிசியாலஜி பிராக்டிகல் என்று அர்த்தம். மாரே காலத்து முறை இந்தியக் கல்லூரிகளில் அத்தனை காலம் உயிரோடு இருந்ததைப் பழமை என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. இதயம் இழுத்தது, கோடு வந்தது. நடுவில் மின்சாரமும் இல்லை, கணக்கும் இல்லை.

அடுத்து மூன்றாம் வருஷம் வார்டுக்குப் போனால் பழைய காகிதம், உருளை எதுவும் கிடையாது. கைதான். எங்கள் மெடிசின் பேராசிரியர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிற பையன்களிடம், "அதைக் கழற்றிப் பையில் போடு. முதல்ல கையை வை" என்பார். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் உள்ளங்கை முழுவதும் இடது மார்பில். துடிப்பு எங்கே என்று தெரிந்ததும் ஒரு விரல் நுனி. ஐந்தாம் விலா இடுக்கில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறக்கிய கோட்டுக்குச் சற்று உள்ளே இருந்தால் சரி. பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பெலும்பின் இடது ஓரத்தில் அழுத்தி, வலது கீழ் அறை தூக்கித் தள்ளுகிறதா என்று பார்ப்பது. கடைசியாக, விரல்கள் தொடங்கும் மேட்டுப் பகுதியால் நடுக்கம் தேடுவது. கையில் எந்த இடத்துக்கு எது தெரியும் என்று தனித்தனியாகப் பழக வேண்டும்.

காது இருக்கக் கை எதற்கு? மனிதக் காதுக்கு நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே எதுவும் கேட்காது. அதற்குச் சற்று மேலேயும் மந்தம்தான். இதயம் நெஞ்சுச் சுவருக்குக் கொடுக்கும் அசைவில் பெரும்பங்கு அந்தக் கேளாத பகுதியில்தான் இருக்கிறது. லப், டப் என்று நாம் கேட்பது மேலே மிதக்கிற கொஞ்சம். கீழே உள்ள உதைப்பையும் தள்ளலையும் கைதான் படிக்கும்.

கையைத் தள்ளி வைத்தது எது என்று யோசித்தால், கூச்சம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் ஊரில் சத்திரக்காரர் மகனாகப் பிறந்த அவுன்ப்ருக்கர் என்ற டாக்டர், நெஞ்சை விரலால் தட்டி உள்ளே காற்றா நீரா என்று சொல்லும் முறையை 1761இல் எழுதினார். பலாப்பழத்தைத் தட்டி வாங்குகிற எவருக்கும் இது புரியும். உலகம் கண்டுகொள்ளவில்லை. நெப்போலியனின் வைத்தியர் கோர்விசார் 1808இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் தட்டுவது பரவியது. கோர்விசாரின் சீடர் லாயென்னெக்கிடம் 1816இல் இதய நோயோடு ஒரு இளம்பெண் வந்தாள். சற்றுப் பருத்த உடல். கை வைத்தும் தட்டியும் ஒன்றும் தெரியவில்லை. மார்பில் காதை வைக்க அவள் வயசும் பெண் என்பதும் இடம் கொடுக்கவில்லை. ஒரு கட்டுக் காகிதத்தைச் சுருட்டி ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது.

இதே கூச்சத்துக்கு நம் பக்கத்தில் வேறு ஏற்பாடு இருந்தது. பொதிகை அடிவாரத்தில் சித்த வைத்தியத்துக்கு என்ன குறைச்சல்? அகத்தியர் பேர் சொல்லாத வைத்தியர் உண்டா? பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் வந்தது; நான் படித்த கல்லூரி 1965இல். நான் பார்த்த சித்த வைத்தியர்கள் எல்லோரும் மணிக்கட்டோடு நின்றுகொண்டார்கள். மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று படித்தார்கள். பெண்களுக்கு இடது கை, ஆண்களுக்கு வலது கை. நாடி பார்ப்பதில் நுட்பம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வால்வு சுருங்கியிருப்பதை மணிக்கட்டு சொல்லாது. நெஞ்சுதான் சொல்லும்.

அதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல. ஊரில் கிளினிக் போட்ட காலத்தில் பீடி சுற்றுகிற பெண்கள், அப்பளம் போடுகிறவர்கள், மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்கள் என்று கூட்டம் இருக்கும். ஒரு நாள் மாமியாரோடு வந்த ஒரு பெண். முப்பது வயசு இருக்காது. "படுத்தா மூச்சு முட்டுது டாக்டரய்யா. நெஞ்சுக்குள்ள என்னமோ திடும் திடும்னு இடிக்கு" என்றாள். சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டேன். அவள் யோசித்தாள், மாமியார், "அது எங்களுக்கு எப்படித் தெரியும், அவ அம்மையைத்தான் கேக்கணும்" என்றார். சேலைக்கு மேலேயே கை வைத்தேன். விரலைத் தட்டியது முதல் சத்தம். கேட்க வேண்டிய சத்தத்தைக் கை உணர்ந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதும், இரண்டு தட்டலுக்கு நடுவே விரல் மேட்டில் ஒரு மெல்லிய உறுமல் ஓடியது. பூனையைத் தடவினால் தெரிகிற அந்த நடுக்கத்துக்கு லாயென்னெக் காலத்திலேயே பூனைப் பேர்தான் வைத்தார்கள். மைட்ரல் வால்வுச் சுருக்கம். ஈசிஜி எடுக்கும் முன்பே எழுதிவிட்டேன்.

இந்தச் சுருக்கத்துக்கு வேர் தொண்டையில். குழந்தைக்குத் தொண்டை வலி வரும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. அது போன பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறாட்டத்தில் மூட்டையும் இதய வால்வையும் தாக்கும். நெருக்கமான வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும். மேல்நாட்டில் வால்வு சுருங்க இருபது வருஷம் எடுக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் நாட்டில் இருபது வயசு ஆகும் முன்பே முற்றிய சுருக்கத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள் என்று டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த சுஜய் ராய் குழுவினர் 1963இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போட்டால் மறு தாக்குதலைத் தடுக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்த ஊசிக்குப் பயந்தவர்கள் அநேகம். நியாயம்தான், இடுப்பில் இரண்டு நாள் வலிக்கும்.

ஏற்கெனவே சுருங்கிவிட்டால்? இங்கே கைதான் திரும்ப வருகிறது, இந்தத் தடவை உள்ளேயே. 1925இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்ற சர்ஜன் ஒரு இளம்பெண்ணின் இடது மேல் அறையைத் திறந்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு மைட்ரல் வால்வைத் தொட்டார். பின்னோக்கிப் பீய்ச்சுகிற ரத்தம் விரலில் பட்டது. பெண் பிழைத்தாள். அதற்குப் பிறகு எந்த டாக்டரும் அவருக்கு இன்னொரு நோயாளியை அனுப்பவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெய்லியும் ஹார்கனும் தொடர்ந்தார்கள். வேலூர் சிஎம்சியில் 1956இல் தொடங்கிய மூடிய மைட்ரல் அறுவை, 1980 வரை 3,724 பேருக்கு நடந்திருக்கிறது. ஸ்டான்லி ஜானும் அவர் குழுவினரும் 1983இல் சர்க்குலேஷன் இதழில் அத்தனை பேரின் கணக்கையும், அறுவைக்குப் பின் எப்படி இருந்தார்கள் என்பதையும் வெளியிட்டார்கள். செயற்கை இதய நுரையீரல் எந்திரம் கிடையாது. துடிக்கிற இதயத்துக்குள் விரல். அந்த விரல் சொல்வதைக் கேட்டு வால்வை விரிப்பது. உலகத்தில் இவ்வளவு பெரிய விரல் அனுபவம் வேறு எங்கே சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கை வைத்துப் பார்த்து அனுப்பிய அந்தப் பெண்ணும் அறுவை முடிந்து வந்தாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இனி பீடி சுத்தலாமா?"

கருவிக்காரர்கள் இதற்குள் வேறு வழியில் போயிருந்தார்கள். நெஞ்சை மட்டும் ஏன் பார்க்க வேண்டும், ஒவ்வொரு துடிப்புக்கும் உடம்பு முழுவதுமே அசைகிறதே என்று கண்டவர் கோர்டன். 1877இல் எழுதினார். ஸ்பிரிங் தராசில் அசையாமல் நின்றால் முள் இதயத்தோடு ஒத்து நடுங்கும். பழைய முள் வைத்த எடை பார்க்கும் மெஷின் கிடைத்தால் யாரும் பார்க்கலாம். மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் தலைப்பக்கமாக வீசப்படுகிறது. அதற்கு எதிர் உதையாக உடம்பு கால்பக்கம் நகரும். ரத்தம் பெருந்தமனியின் வளைவில் மோதித் திரும்பியதும் தலைப்பக்கம் நகரும். துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்கிற அதே கணக்கு. யாண்டெல் ஹென்டர்சன் 1905இல் தொங்கும் மேஜையில் ஆளைப் படுக்க வைத்து இதைக் கோடாக எடுத்தார்.

அதைத் தொழிலாக்கியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஐசக் ஸ்டார். 1939இல் அவர் வெளியிட்ட முறைக்கு பாலிஸ்டோகார்டியோகிராம் என்று பேர். ஸ்டாரை எனக்குப் பிடிக்கும், எந்திரத்துக்காக அல்ல. கோட்டில் உள்ள மேடு பள்ளத்துக்கு எழுத்துக்களைப் பேராக வைத்துவிட்டு அவர் ஓயவில்லை. எந்த மேடு எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ள, இறந்து கொஞ்ச நேரமே ஆன உடல்களைத் தன் மேஜையில் கிடத்தி, இதயம் தள்ளுகிற அளவுக்கும் வேகத்துக்கும் ரத்தத்தைப் பீச்சுக் குழலால் தமனிக்குள் தள்ளிப் பார்த்தார். தள்ளியது எவ்வளவு என்று தெரியும். வந்த கோடு கையில் இருக்கும். பொருள் சொல்வதற்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது. அதோடு, தொடக்கத்தில் திடமாக இருந்த ஆட்களின் கோடுகளை எடுத்து வைத்துக்கொண்டு இருபது வருஷம் காத்திருந்தார். கோடு வலுவிழந்து இருந்தவர்களுக்குத்தான் பின்னால் இதய நோய் அதிகம் வந்தது என்று 1961இல் எழுதினார்.

இருந்தும் அந்த மேஜை ஆஸ்பத்திரிகளில் நிலைக்கவில்லை. கட்டிடம் நடுங்கினால் கோடு நடுங்கும். ஒவ்வொரு ஊர் மேஜையும் ஒவ்வொரு மாதிரி எழுதும். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் ஒப்பிட முடியாது. 1953இல் ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் கேளா ஒலியைக் கொண்டு இதயத்தையே பார்க்கத் தொடங்கினார்கள். எக்கோ வந்துவிட்டது. வால்வைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்றான பிறகு மேஜை ஆட்டத்துக்கு யார் காத்திருப்பார்கள்?

தரையில் தோற்றது வானத்தில் ஜெயித்தது. மேஜை நடுங்குகிற தொல்லை விண்வெளியில் கிடையாது; ஆள் மிதக்கிறான். சோவியத் விண்வெளி மருத்துவத்தில் ரோமன் பயெவ்ஸ்கி இதில் பெரிய பேர். நெஞ்சுச் சுவரின் அசைவை மட்டும் அளக்கிற சீஸ்மோகார்டியோகிராஃபி என்ற முறையைப் பற்றி 1964இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். பூகம்பம் அளக்கிறவர்களிடம் கடன் வாங்கிய பேர். 1984 ஏப்ரல் 3இல் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் ஏறி சல்யுட் 7க்குப் போனபோது, நாடு முழுக்க அவர் அங்கே யோகா செய்ததைத்தான் பேசியது. நானும் ரேடியோவில் அதைத்தான் கேட்டேன். இதயத்தின் உதையை மூன்று திசையிலும் அளக்கிற பாலிஸ்டோகார்டியோகிராஃபியும் அந்த இந்திய - சோவியத் ஆராய்ச்சியில் இருந்தது. 1987இல் ரஷ்ய இதழில் வந்த கட்டுரையில் பயெவ்ஸ்கியின் பேரோடு சட்டர்ஜி என்று ஒரு இந்தியப் பேரும் இருக்கிறது. பூமியில் நிற்கும்போது தலை - கால் திசையில் மட்டும் கவனம் வைத்தவர்களுக்கு, மிதக்கும்போது குறுக்கும் நெடுக்குமாகவும் இதயம் உதைப்பது தெரிந்தது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எந்திரம் சோதிக்கும் வளாகம் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது. இனி நம் ஆட்கள் நம் கலத்திலேயே போகிறபோதும் யாராவது இந்தக் கோட்டை எடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

1990ஐ ஒட்டி அமெரிக்காவில் சலெர்னோவும் ஸனெட்டியும் சீஸ்மோகார்டியோகிராஃபியைத் திரும்ப எடுத்தார்கள். பூகம்ப ஆராய்ச்சியில் புழங்கும் நுண்ணிய அதிர்வுமானியை மார்பெலும்பில் வைத்தார்கள். எக்கோவையும் இந்தக் கோட்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, மைட்ரல் வால்வு மூடுவது எந்த இடம், பெருந்தமனி வால்வு திறப்பது எந்த மேடு, மூடுவது எது என்று 1994இல் சலெர்னோவும் சகாக்களும் ஒரு கட்டுரையில் பொருத்திக் காட்டினார்கள். ஷோவோவும் மாரேயும் குதிரையில் செய்த காரியம்தான். ஆனால் சலெர்னோ, ஸனெட்டி எந்திரமும் சந்தையில் நிற்கவில்லை.

இப்போது அது எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்காக உள்ளே ஒரு சில்லு. மயிரிழை சிலிக்கான் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு துளிப் பொருள்; அது அசைந்தால் மின் அளவு மாறும். சென்னையில் பொறியியல் படித்த என் தங்கை பேத்தி லீவுக்கு வந்தபோது அந்தச் சில்லின் எண்களைக் கோடாகக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். மல்லாந்து படுத்து, போனை மார்பெலும்பின் மேல் நீளவாக்கில் வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தினேன். அமைதியான கோட்டில் ஒரு கொத்துப் பெரிய அலை, சற்று இடைவெளி, ஒரு கொத்துச் சின்ன அலை, திரும்ப அதேதான். பெரிய கொத்து லப், சின்னது டப். நடுவே செங்கோட்டை வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. 1902இல் இந்த ஊருக்கு ரயில் வந்த நாளிலிருந்து தண்டவாளம் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில்தான். கோடு முழுக்கப் புல் முளைத்துவிட்டது. ஸ்டாரின் கஷ்டம் எனக்கு அப்போது விளங்கியது.

"இதுல எது வால்வு தாத்தா?" என்றாள். மேட்டைக் காட்டினேன். "எப்படி உறுதியாச் சொல்றீங்க?" என்றாள். சொல்ல முடியவில்லை. என் நெஞ்சில் கை வைக்கச் சொன்னேன். மோதுவது தெரிகிற நேரத்தில் மேஜையில் விரலால் தட்டச் சொன்னேன். அவள் தட்டுவதும் திரையில் பெரிய கொத்தும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன, கொஞ்சம் பின்தங்கி. பின்தங்கியது அவள் விரல். கருவியில்லாமல் அவ்வளவுதான் முடியும்.

ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் 2018இல் சர்க்குலேஷனில் வெளியிட்ட ஆய்வில் 300 பேர் மார்பில் செல்போனை வைத்தார்கள். பாதிப் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேல் அறை ஒழுங்கின்றி நடுங்குவது. பாதிப் பேருக்குச் சீரான துடிப்பு. போன் நூற்றுக்குச் சுமார் 95 பேரைச் சரியாகப் பிரித்தது. அங்கே இது கிழவர்களின் நோய். நம் ஊரிலோ மைட்ரல் சுருக்கத்தோடு முப்பது வயசிலேயே வருகிறது. மேல் அறையில் ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த வயசுப் பெண்களின் நெஞ்சில் போன் வைத்தால், முதல் கொத்து சுருக்கத்தின் அளவுக்கு ஏற்ப எப்படி மாறும், பூனை உறுமல் கோட்டில் தெரியுமா, பெனிசிலின் விடாமல் போட்டவர்களுக்கும் விட்டவர்களுக்கும் பத்து வருஷத்தில் கோடு எப்படிப் பிரியும்? துர்க்குவில் உட்கார்ந்து இதற்குப் பதில் கிடைக்காது. அம்பாசமுத்திரம் தாலுகாவில் கிடைக்கும். பெனிசிலின் போட்டுக்கொண்டவர்களின் பேரும் தேதியும் எழுதிய என் பழைய நோட்டுகளைக் கரையான் அரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வேலையில் இறங்குகிற பையனோ பெண்ணோ வந்து கேட்டால் தருகிறேன். நோட்டில் உள்ளவர்களிடம் முதலில் சம்மதம் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.